மரச்சாமான் கடையும் ஸ்கூட்டர் பள்ளியும்

1

பிரெஞ்சில் இணையத்துக்கு ‘துவால்’ என்று கொஞ்சம் பழைய சொல் ஒன்று இருக்கிறது. சிலந்தி வலைக்கும் அதே சொல்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தின நாள் அகராதியைப் புரட்டி அதைப் பிடித்து வைத்திருந்தேன். ‘வெப்’ என்று சொல்லியிருந்தாலே போதும், இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நல்ல பிரெஞ்சில் பேசிக் காட்ட வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை.

“இனி என்ன வேலைக்குப் போக விரும்புகிறீர்கள்?” என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மதாம் கேட்டார்.

“துவால் வேலை. அதை வடிவமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்” என்றேன்.

அவர் கண் திரைக்குப் போனது. அதில் என் கதை இருந்தது: பாரிஸ் புறநகர் ஓட்டல் ஒன்றில் வருடக் கணக்காக அறை துப்புரவு, படுக்கை மாற்றுதல், குளியலறை கழுவுதல். பிறகு மணிக்கட்டு நரம்பு பழுதாகி, இனி அந்த வேலை கூடாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தது. அவர் காதில் நான் சொன்னது ‘துவாலெத்’ என்று விழுந்திருக்கிறது. துவாலெத் என்றால் கழிப்பறை.

“அதற்குப் பயிற்சி எதற்கு, மதாம் கலியபெருமாள்? உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கிறதே. ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் காலியாக இருக்கிறது, கையை அதிகம் வருத்தாத வேலை” என்றார். கிண்டலில்லை, அன்பாகத்தான் சொன்னார்.

கலியபெருமாள் என் அப்பா. காரைக்கால் பக்கத்து வரிச்சிக்குடியில் நெல் விவசாயம். இந்த நாட்டுக் காகிதங்களில் அவர் பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. அலுவலகங்களில் அப்பாவைக் கூப்பிட்டால் நான் எழுந்து நிற்கிறேன். வசந்தி என்ற என் பெயர் அடைப்புக்குறிக்குள் எங்கோ கிடக்கிறது.

ஒரு தாளை வாங்கி ‘வெப்’ என்று எழுதிக் காட்டினேன். அவர் படித்தார். புருவம் உயர்ந்தது.

“அதற்கு உங்கள் பிரெஞ்சு போதாது. முதலில் மொழி வகுப்பு. பிறகு பார்ப்போம்.”

“வெப் வேலையை நானே படித்துவிட்டு வருகிறேன்.”

“எங்கே?”

“வீட்டில். என்னிடம் புத்தகம் இருக்கிறது.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. குழந்தை விமானம் ஓட்டப் போகிறேன் என்றால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அந்த அலுவலகத்திலிருந்து நேற்று மறுபடியும் ஒரு பதில் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான், ஊரில் இருப்பவர்களுக்கு இதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அழுது எழுதப் போவதில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

2

புத்தகம் காரைக்காலில் வாங்கியது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில், நுழைவுத்தேர்வுக் கையேடுகளுக்கும் சமையல் குறிப்புகளுக்கும் நடுவே சொருகிக் கிடந்தது. வலைத்தளம் வடிவமைப்பது எப்படி என்று படிப்படியாகத் தமிழில் சொல்லும் புத்தகம். அட்டை வெயிலில் வெளுத்திருந்தது. முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரைக்கும் ஒரே ஒரு தளத்தைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். கட்டில், பீரோ, நாற்காலி விற்கும் ஒரு மரச்சாமான் கடையின் தளம். “இப்போது சேமிக்கவும். உலாவியில் திறந்து பார்க்கவும். கடையின் பெயர் தெரிகிறதா?” என்று ஒவ்வொரு படியிலும் கேட்கும்.

கடைக்காரர் தூசியைத் தட்டிக்கொண்டே, “பையனுக்குங்களா?” என்று கேட்டார்.

“எனக்குங்க” என்றேன்.

“பழைய பதிப்புங்க அது. பரவால்லயா?”

“நானும் பழைய பதிப்புதாங்க. கட்டிக் குடுங்க.”

உண்மையில் இந்தப் பாடத்துக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. கல்லூரி முடித்த கையோடு காரைக்கால் டவுனில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கணினி மையத்தில் சேர்ந்திருந்தேன். திருமலைராயன்பட்டினத்திலிருந்து பாத்திமா வந்து சேர்ந்தாள். ஆண் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கணினி. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. “லேடீஸ் ரெண்டு பேரும் ஒரு சிஸ்டத்துல உக்காந்துக்குங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்றார் சார். அவள் மவுஸைப் பிடிப்பாள், நான் தட்டுவேன். மறுநாள் மாற்றிக்கொள்வோம். வலைப்பக்கம் செய்யும் பாடம் தொடங்குவதற்குள் எனக்கு பிரான்ஸ் மாப்பிள்ளை வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வரன் வந்தால் வீடு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் அவர்களை சொல்தா வீடு என்றுதான் சொல்வார்கள். “கம்ப்யூட்டர் அங்க போயிப் படிச்சுக்கலாம், அங்க இல்லாத கம்ப்யூட்டரா?” என்று அப்பா சொன்னார். நம்பினேன். வந்து இறங்கிய ஆறாவது மாதம் ஓட்டலில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். கணவர் சேகர் நல்லவர், விமான நிலையத்தில் சுமை ஏற்றும் வேலை. வீட்டு வாடகைக்கு இரண்டு சம்பளம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் ஊர் ஏக்கத்தைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு அது வரவே இல்லை. பாதியில் பிடுங்கப்பட்ட ஒரு பாடத்துக்காகக் கோபம்தான் இருந்தது. கோபம் ஏக்கத்தைவிட நல்லது என்பது என் அனுபவம். அது நம்மைக் காலையில் எழுப்பிவிடும்.

3

அலுவலகத்திலிருந்து திரும்பிய மறுநாள், மகள் மாயா பள்ளிக்குப் போன பிறகு, அவளுடைய பழைய மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்து முதல் பாடத்தைத் திறந்தேன்.

முதல் படியே ஏறவில்லை. கோண அடைப்புக்குறி போடச் சொல்கிறது புத்தகம். விசைப்பலகைப் படத்தில் அது எங்கே இருக்கிறது என்று அம்புக்குறியும் போட்டிருக்கிறது. அந்த இடத்தில் அழுத்தினால் எனக்குப் புள்ளி விழுகிறது. மூடும் அடைப்புக்குப் பதில் சாய்கோடு விழுகிறது. பிரெஞ்சு விசைப்பலகையில் எழுத்துகள் வேறு வரிசை. A இருக்க வேண்டிய இடத்தில் Q உட்கார்ந்திருக்கும், எண் போடுவதற்கே இன்னொரு விசையைச் சேர்த்து அமுக்க வேண்டும். நெளிவு அடைப்புக்கு மூன்று விரல் முறுக்கிக்கொள்ளும், என் மணிக்கட்டோ ஏற்கெனவே ஒத்துழைக்காது. கடைசியில் ஒரு அட்டையை வெட்டி, புத்தகம் சொல்லும் குறி ஒவ்வொன்றும் இந்த ஊர் விசைப்பலகையில் எங்கே இருக்கிறது என்று எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினேன்.

அடுத்தது கோப்பைச் சேமிப்பது. சேமித்தேன், திறந்தேன். கடைப் பெயர் வரவில்லை. நான் தட்டிய குறிகள் அப்படியே திரையில் வந்து நின்றன. கோப்புப் பெயருக்குப் பின்னால் கணினி தானாகவே ‘.txt’ என்று ஒரு வாலைச் சேர்த்துவிட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள். கண்டுபிடித்து வாலை நறுக்கியதும், வெள்ளைத் திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: “எங்கள் மரச்சாமான் கடைக்கு வருக.” நாற்பது வயது தாண்டிய பெண்பிள்ளை ஒருத்தி, இல்லாத ஒரு கடையைப் பார்த்துச் சமையலறையில் தனியாகச் சிரித்தேன்.

மாயாவுக்குப் பதினேழு வயது. வீட்டில் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். பசி, சோறு, குழம்பு, அவ்வளவுக்குத்தான் தமிழ். படிக்க, எழுதத் தெரியாது. அன்று மாலை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “இதையெல்லாம் யாரும் இப்போது கையால் செய்வதில்லை, அம்மா. ஏஐ எந்திரத்திடம் கேட்டால் செய்து கொடுத்துவிடும்” என்றாள் பிரெஞ்சில்.

கேட்டும் காட்டினாள். கைபேசியில் இரண்டு வரி எழுதினாள். ஒரு மரச்சாமான் கடைத் தளம் வந்து நின்றது. பொய் சொல்ல மாட்டேன், என்னுடையதைவிட அழகாகத்தான் இருந்தது. எனக்கு முகம் வாடிவிட்டது. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். “உன்னை வருத்தப்படுத்தச் சொல்லவில்லை” என்றாள்.

“அதோட உள்பக்கத்தக் காட்டு” என்றேன்.

“எதற்கு?”

“காட்டேன்.”

உள்ளே வரிவரியாகக் குறிகள். முதல் பார்வையில் காடு மாதிரி இருந்தது. கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், இது தலைப்பு, இது பத்தி, இது படம், இது நிறம். தெரிந்த முகங்கள். தடுக்கித் தடுக்கிப் படித்தேன்.

“இது உனக்குப் புரியுதா?” என்று கேட்டேன்.

“இல்லை” என்றாள்.

“எனக்குப் பாதி புரியுது. மீதியும் புரியணும். எந்திரம் செய்யட்டும், வேண்டாங்கல. அது என்ன செஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியணும்.”

அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். நான் இரண்டாம் பாடத்துக்குப் போனேன்.

4

பாத்திமா அழைத்தது நான் எட்டாம் பாடத்தில் இருந்தபோது. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மையத்தில் படிப்பு முடிந்து அவளுக்கும் கல்யாணமானது. அவள் வீட்டுக்காரர் சபுரில், அதாவது வெளிநாட்டு வேலையில், சவூதியில். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட ஆள் தேடி அலுத்து, தானே ஸ்கூட்டர் ஓட்டப் பழகினாள். பார்த்த அக்கம்பக்கத்துப் பெண்கள் “எங்களுக்கும் கத்துக் குடு” என்றார்கள். இப்போது திருமலைராயன்பட்டினத்தில் பெண்களுக்கு மட்டும் ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கிறாள். இரண்டு வண்டி, ஒரு மைதானம், காலை வேளை. பள்ளிவாசல் தெருப் பெண்களும் வருகிறார்கள், மீனவர் தெருப் பெண்களும் வருகிறார்கள், வரிச்சிக்குடியிலிருந்து பஸ் ஏறியும் வருகிறார்கள்.

அன்று அவள் குரல் சரியில்லை.

“நிறுத்திடலாம்னு இருக்கேன், புள்ள.”

“ஏன், என்ன ஆச்சு?”

“செவுத்துல நம்பர் எழுதிப் போட்டேன்ல. எவனெவனோ அடிக்கிறான். எடுத்தா, எனக்கும் பின்னாடி உக்காந்து கத்துக் குடுப்பியாங்குறான். எடுக்காம இருந்தா நெசமாக் கத்துக்க வர்ற புள்ளைங்க போனும் போயிருது. ஊட்டுக்காரர் அண்ணன், பெரிய மச்சினருக்குத் தெரிஞ்சுபோச்சு. குடும்பத்துப் பேரு கெடுது, எல்லாத்தையும் மூடுங்குறாரு.”

“உன் ஊட்டுக்காரர் என்ன சொல்றாரு?”

“அவங்க அங்கேருந்து என்ன சொல்லுவாங்க? அண்ணன் சொல்றத யோசிங்குறாங்க.”

எவனோ போன் அடிக்கிறான் என்பதற்காக இவள் வண்டியை நிறுத்த வேண்டுமாம்.

“நம்பர அழிச்சிடு. நான் ஒரு வெப்சைட் போட்டுத் தர்றேன். கத்துக்கணும்னு நெனைக்கிறவங்க அதுல பேர எழுதி அனுப்பட்டும். அவங்களுக்கு நீயே போன் பண்ணு. உன் நம்பர் எவனுக்கும் வேணாம்.”

“நீ போடுவியா? எங்க கத்துக்கிட்டே?”

“கத்துக்கிட்டிருக்கேன். அடுத்த பாடம் அதுதான்.”

பிறகு, “அந்த சார் நம்மள ஒரே சிஸ்டத்துல உக்கார வச்சது நல்லதாப் போச்சு புள்ள. இல்லாட்டி நீ யாரு நான் யாரு” என்றாள்.

ஒன்பதாம் பாடம் படிவம். வாடிக்கையாளர் பெயர், ஊர், போன் நம்பர், மற்ற விவரங்கள் எழுதி அனுப்பும் கட்டங்கள். புத்தகத்தில் இருந்தபடியே வரிவரியாகத் தட்டி, மரச்சாமான் கடைப் பெயர் இருந்த இடத்தில் பாத்திமா பள்ளியின் பெயரைப் போட்டேன். கட்டில் படம் போய் ஸ்கூட்டர் படம் வந்தது. முகம் தெரியாதபடி, ஹெல்மெட்டோடு முதுகுப் பக்கமாக எடுத்த படம், அவளே எடுத்து அனுப்பியது. கணினியில் பார்க்க லட்சணமாக இருந்தது. அவளுக்கு அனுப்பினேன்.

“எறும்பு மாதிரி எழுத்து, ஒண்ணும் படிக்க முடியல” என்று பதில் வந்தது.

அவள் கைபேசியில் பார்த்திருக்கிறாள். கைபேசியில்தானே எல்லோரும் பார்ப்பார்கள். முழுப் புத்தகத்தையும் புரட்டினேன், கைபேசி என்ற பேச்சே இல்லை. எழுதிய காலத்தில் அதற்கு அவசியம் இருந்திருக்காது. நம்பிப் பிடித்துக்கொண்டு வந்த கைப்பிடி பாதி மாடிப்படியில் முடிந்துவிட்டது.

மாயாவிடம் போய் நின்றேன். எந்திரத்திடம் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டாள். திரையின் அகலத்துக்குத் தகுந்தபடி பக்கத்தைக் காட்டு என்று உலாவிக்குச் சொல்லும் ஒற்றை வரி வந்தது, கூடவே நான் கேட்காத இருபது வரியும் வந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று எனக்கே தெரிந்தது. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து உரிய இடத்தில் வைத்தேன். மாயா தன் கைபேசியில் திறந்தாள். எழுத்து பெரிதாக, பளிச்சென்று வந்தது.

“என்ன எழுதியிருக்கிறாய்?” என்று கேட்டாள். என் மகள் ஒரு தமிழ் எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

படித்துக் காட்டினேன். “பெண்களுக்குப் பெண்கள் கற்றுத்தருகிறோம். பயம் இருந்தால் பயத்தோடு வாருங்கள். முதல் நாள் ஸ்டாண்டு எடுக்க மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.”

“இது உன் வாக்கியமா?”

“என்னோடதுதான்.”

“நன்றாக இருக்கிறது” என்றாள், பிரெஞ்சில்தான். அதற்கு மேல் அவளிடமிருந்து எதிர்பார்க்கவும் இல்லை. அவள் இந்த ஊர்ப் பிள்ளை. அதை நான் குறையாகச் சொல்லி அழப்போவதில்லை.

5

தளத்தை வைத்துக்கொண்டு மறுபடி அலுவலகத்துக்குப் போனேன். மதாம் என்னை மறந்திருந்தார். கைபேசியை நீட்டினேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“வெப் பயிற்சிக்கான தேர்வுக் குழு முன்னால் போகிறீர்களா? பிரெஞ்சில் கேட்பார்கள்” என்றார்.

“கேட்கட்டும்.”

குழுவில் இரண்டு பேர். தாடி வைத்த ஒருவர், கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. தளத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். என் எழுத்து அந்தச் சுவரில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

“எழுத்து வடிவம் அழகாக இருக்கிறது. ஆனால் எங்களால் படிக்க முடியவில்லையே. ஏன் பிரெஞ்சில் செய்யவில்லை?” என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

“வண்டி ஓட்டப் போகிறவர்களால் படிக்க முடியும், மதாம். தளம் அவர்களுக்கானது” என்றேன்.

தாடிக்காரர், “இதை நீங்கள்தான் செய்தீர்கள் என்று எப்படி நம்புவது?” என்று கேட்டார். கேள்வி முறையானதுதான், இந்தக் காலத்தில் கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் காது சூடாகிவிட்டது.

“எதையாவது மாற்றச் சொல்லுங்கள்.”

பொத்தானைப் பச்சையாக்கி வலது பக்கம் நகர்த்தச் சொன்னார். அவர்கள் கணினியில் உட்கார்ந்தேன். நெளிவு அடைப்பு எங்கே என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. மாற்றிவிட்டு எழுந்தேன். பிறகு அவர்கள் வேகமாகப் பேசினார்கள், நான் மெதுவாகப் பதில் சொன்னேன். சில கேள்வி புரியவில்லை, திரும்பக் கேட்கச் சொன்னேன். புரிந்த மாதிரி தலையாட்டவில்லை.

நேற்று வந்த பதில் இதுதான்: தொழில்நுட்பத் திறன் திருப்தி, மொழித் திறன் போதாது, இம்முறை சேர்க்க இயலாது.

படித்துவிட்டுக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனேன். மதாமுக்கு உண்மையிலேயே சங்கடம். “அந்தப் பள்ளிக்கூட வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது” என்று ஆரம்பித்தார்.

“அடுத்த தேர்வு எப்போது?”

“வசந்த காலத்தில்.”

“என் பெயரை எழுதுங்கள்.”

“மொழி வகுப்பு?”

“அதிலும் எழுதுங்கள். இரண்டுக்கும் வருவேன். வசந்த காலத்தில் முடியாது என்றால் அதற்கடுத்த தேர்வுக்கும் வருவேன். உங்களுக்குச் சலித்துப்போகும், எனக்குச் சலிக்காது.”

அவர் என்னைப் பார்த்தார். எழுதினார்.

சேகர் மாலையில் கேட்டுவிட்டு, “சண்டை போட்டுட்டு வந்தியா?” என்றார்.

“சண்டையில்ல. பேரப் பதிஞ்சிட்டு வந்தேன்” என்றேன்.

6

இன்று காலை பாத்திமாவின் தளத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. வருவதன் நகல் ஒன்று எனக்கும் வரும்படி வைத்திருக்கிறேன், எங்காவது பிழையிருந்தால் தெரிய வேண்டும் என்று. இதற்கு முன் பலர் எழுதியிருக்கிறார்கள். சுவரில் நம்பரை அழித்த பிறகு வேண்டாத போன்கள் குறைந்தன. மச்சினர் இன்னும் முணுமுணுக்கிறார். பாத்திமா இன்னும் ஓட்டுகிறாள்.

இன்றைய படிவத்தில் பெயர் இருந்தது. ஊர், விழிதியூர். வயது என்ற கட்டத்தில் பூஜ்யம். பிழை என்று நினைத்துக் கீழே செய்திக் கட்டத்தைப் பார்த்தேன்.

“வயசு போடாட்டி அனுப்ப முடியலங்க. உள்ளதப் போட்டா சேத்துக்க மாட்டீங்களோன்னு பூஜ்யம் போட்டிருக்கேன். அம்பது தாண்டியாச்சு. சைக்கிள்கூடத் தெரியாது. வரலாமாங்க?”

பாத்திமாவைக் கூப்பிட்டேன். அவளும் அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“நான் இப்பவே அந்தம்மாவுக்குப் போன் போடுறேன்” என்றாள். “காலையில முத பஸ்ஸுல வரட்டும். சேலையா இருந்தா இழுத்துச் சொருகிக்கிட்டு வரச் சொல்றேன். அந்த வயசுக் கட்டத்த எதுக்குப் புள்ள வச்சே?”

எதற்கு வைத்தேன்? புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் பாடம், நான்காம் படி: “இப்போது வாடிக்கையாளரின் வயதைக் கேட்கும் கட்டத்தைச் சேர்க்கவும். அதைக் கட்டாயமாக்கவும்.” கட்டில் வாங்க வருகிறவரின் வயது எதற்கு என்று எழுதியவருக்கும் தோன்றவில்லை, தட்டிய எனக்கும் தோன்றவில்லை.

கோப்பைத் திறந்தேன். அந்த வரியைத் தேடிப் பிடித்து, தொடக்கத்திலிருந்து கடைசி அடைப்புக்குறி வரைக்கும் அழித்தேன். சேமித்து மேலே ஏற்றினேன்.

“இப்ப பாரு” என்றேன்.

“போயிருச்சு” என்றாள் பாத்திமா.